உள்ளபோ அண்ணனும் மூன்று பக்கெட் மல்லியும்

செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். ஊற்றின தண்ணீரை அதட்டி வேலை வாங்கத் தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவர் பாலக்கோட்டில், எங்கள் தெருவில், எதிர் வரிசையில் ஒரு மாடி ரூமில் வாடகைக்கு இருந்தார். ஆண்டவர் ஒவ்வொருத்தரையும் ஒவ்வொரு வேலைக்கென்று படைக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இவரைத் தண்ணீருக்குக் கண்டக்டராகப் படைத்திருந்தார்.

நிஜமாகவே கண்டக்டர்தான். பிரைவேட் பஸ்ஸில் தருமபுரிக்கும் காரிமங்கலத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஓர் ஆயுசு முழுக்க விசில் ஊதிவிட்டு ஓய்ந்தவர். ஓய்ந்தது வேலை மட்டும்தான். குரல் ஓயவில்லை, காலும் ஓயவில்லை. தோளில் அந்தத் தோல்பை அப்படியே தொங்கும். உள்ளே சில்லறைக்குப் பதிலாக ஒரு சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பி, ஒரு பழைய சொம்பு, ஒரு விசில். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. டீக்கடை பெஞ்சு முழுக்கக் காலியாகக் கிடந்தாலும், கூரைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு காலை அகட்டி வைத்து நின்றேதான் குடிப்பார். டீக்கடை ஏதோ வளைவில் திரும்பப் போகிற மாதிரி.

அவருடைய பெயர் என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெருவில் எல்லோருக்கும் உள்ளபோ அண்ணன். ஏனென்றால், எந்த வீட்டு வாசலில் எந்தத் தொட்டியைப் பார்த்தாலும் குனிந்து சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அது மண்மேல் குட்டை கட்டி நிற்கிறபோது சொல்வார்: "உள்ள போ. உள்ள போ. படியில நிக்காத. அடியில எடம் காலியா இருக்குது பாரு." தண்ணீரும் கூச்சப்பட்ட மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கீழே ஓட்டையில் சொட்ட ஆரம்பித்ததும் ரெண்டு விசில். ரைட். அடுத்த தொட்டி.

"தண்ணியும் பாசஞ்சரும் ஒண்ணுங்க தம்பி" என்பார் என்னிடம். "ரெண்டும் ஏறின எடத்துலயே நிக்கும். வேரு அடியில ஒக்காந்து காத்துக்கிட்டு இருக்கும். மேல நிக்கிறதப் பாத்துட்டு பஸ்சு ரொம்பிடுச்சுன்னு நெனச்சா நாமதான் ஏமாளி."

சொல்லிவிட்டு அந்தப் போக்ஸ் கம்பியை மண்ணில் செருகுவார். அதற்குப் பெயர் செக்கிங். கம்பியை உருவி எதுவரைக்கும் ஈரமண் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார். நுனிவரை ஒட்டியிருந்தால் தலையாட்டுவார். மேலே மட்டும் ஒட்டியிருந்தால் அந்த வீட்டுக்காரரை, டிக்கெட் எடுக்காதவரைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். வீட்டுக்காரர் வங்கி மேனேஜராக இருந்தாலும் அதே பார்வைதான்.

வேடிக்கை என்னவென்றால் அவருக்கென்று ஒரு செடி கிடையாது. மாடியில் தொட்டி வைத்தால் தளம் ஒழுகும் என்று ஹவுஸ் ஓனர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் தெருவில் இருந்த அத்தனை செடியும் அவருடையதாகிவிட்டது. விடிந்தும் விடியாமலும் தெருவில் நடப்பார். "வெயில் ஏர்றதுக்குள்ள ஊத்துங்க" என்று கதவைத் தட்டுவார். எட்டு மணிக்கு மறுபடி ஒரு நடை. சாயங்காலம் இன்னொரு நடை. அவர் வருகிறார் என்றால் எங்கள் தெருவில் நாய் குரைக்காது, பெண்கள்தான் சொம்பைத் தேடி ஓடுவார்கள்.

எதிர் வீட்டு சரோஜாக்கா மட்டும் அவருக்கு மசியவில்லை. வீட்டில் தெலுங்கு, சண்டைக்குத் தமிழ். உச்சி வெயிலில் ரோஜாச்செடியின் தலைமேல் பைப்பைப் பிடித்து இலையெல்லாம் பளபளக்கக் கழுவிவிடுவது அக்காவுக்கு ஒரு சந்தோஷம். ஒருநாள் பைப்பில் தண்ணீர் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் உள்ளபோ அண்ணன் குழாயை மூடிவிட்டு அதன்மேல் கை வைத்து நிற்கிறார்.

"அபிஷேகமெல்லாம் சாமிக்குப் பண்ணுங்கக்கா. செடிக்கு வாய் கீழ இருக்குது."

"கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து இப்படித்தான் ஊத்தறேன். பூக்காமலா இருக்குது?"

"பூக்குதுங்க. பயத்துல பூக்குது."

சரோஜாக்கா விடவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவர் தன் வீட்டில் ஒரு செடி வைத்து வளர்த்துக் காட்டட்டும் என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டார். உள்ளபோ அண்ணன் குழாயைத் திறந்துவிட்டுவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்கால நடை இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் சரோஜாக்காவே ரோஜாச்செடியின் காலடியில் சொம்பை வைத்து, யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு கல்யாணத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனது என் தப்பு. மண்டபத்து வாசலில் குலையோடு கட்டியிருந்த வாழைமரங்கள் வாடியிருப்பதைப் பார்த்தவர் உள்ளே வரவேயில்லை. பந்தியில் வைத்திருந்த தண்ணீரைக் குடத்தோடு தூக்கிக்கொண்டு போய் அடியில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். வெட்டிக் கட்டின மரம், அதற்கு வேரே இல்லையே என்றேன். "தெரியுதுங்க. இருந்தாலும் மூணு மணி வரைக்கும் நிக்கணுமில்ல" என்றார். மாப்பிள்ளை வீட்டார் அந்த ஈரத்தில் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

நாங்கள் வேதக்காரர்கள். அவர் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து மாதா கோயிலின் கடைசியில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பீடத்துக்குப் பக்கத்தில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டிகள்தான் காரணம். எங்கள் கோயிலில் ஒரு பழக்கம் உண்டு. முன் பெஞ்சுகள் காலியாகவே இருக்கும், ஆண்களெல்லாம் வாசல்படியில் ஒட்டிக்கொண்டு நிற்போம். பங்குச் சாமியார் எத்தனையோ தரம் கெஞ்சிப் பார்த்துவிட்டார். ஒரு ஞாயிறு, நற்கருணை வாங்கினபிறகு எல்லோரும் கண்மூடி அமைதியாக இருந்த நேரம். கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை குரோட்டன்ஸுக்கு ஊற்றின தண்ணீர் மண்மேல் தேங்கி நிற்பது இவர் கண்ணில் பட்டுவிட்டது. தன்னை மறந்து, பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற குரலில், "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத, முன்னாடி எடமிருக்குது பாரு" என்றார்.

வாசலில் நின்ற அத்தனை ஆண்களும் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டோம். யோசிக்கவே இல்லை. காலம் பூராவும் அந்தக் குரலுக்குப் பஸ்ஸில் நகர்ந்து பழகின கால்கள். சாமியார் பூசை முடிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வாராவாரம் வாங்க என்றார்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. என்னைப் படுத்தி எடுத்த கதை இனிமேல்தான்.

நான் தக்காளி மண்டியில் எடை போடுகிறவன். ஒருநாள் காலையில் கிரேட்டைத் தூக்கும்போது நெஞ்சை யாரோ கவ்விப் பிடித்த மாதிரி இருந்தது. கண் இருட்டிக்கொண்டு தக்காளி மேலேயே சாய்ந்துவிட்டேன். சட்டையெல்லாம் சிவப்பு. பார்த்தவர்கள் அலறி, ஆட்டோ பிடித்து, தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் எல்லா மிஷினையும் வைத்துப் பார்த்துவிட்டு வாயு என்று சொல்லிவிட்டார். ஆனால் அவர் சொல்வதற்குள் என் மனைவி ரெஜினா மாதாவிடம் பேசி முடித்துவிட்டாள். நேர்ச்சை: எங்கள் வீட்டு வாசலில், எங்கள் கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்த குண்டுமல்லியில் மாலை கட்டி, மாதா வணக்க மாதம் முடிகிற மே கடைசி நாள் தேரில் மாதாவுக்குச் சாத்துவது. ஒரு பூகூடக் கடைப்பூ கலக்கக்கூடாது.

"வாயுவுக்கா மாதாகிட்டப் போன?" என்று கேட்டேன்.

"வாயுவா மாத்திக் குடுத்ததே மாதாதான். வாய மூடிக்கிட்டுப் படுங்க."

அன்றைக்கே நர்சரியில் மூன்று மல்லிச்செடி வாங்கி மூன்று பெயிண்ட் பக்கெட்டில் நட்டாள். அன்றையிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. நன்றாக யோசித்துப் பாருங்கள். பூத்தால் மாதாவுக்கு மாலை. பூக்காவிட்டால் எனக்கு என்ன ஆகும்? இதை ரெஜினாவும் சொல்லவில்லை, சாமியாரைக் கேட்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு இலை பழுத்தால் என் நெஞ்சில் ஒரு குத்து. மண்டிக்குப் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பக்கெட்டைப் பார்ப்பேன்.

உள்ளபோ அண்ணன் முதல் நாளே வந்து பக்கெட்டை ஒருக்களித்து அடியைப் பார்த்தார். "ஏறதுக்கு வழி வெச்சிருக்கீங்க. எறங்கற வழி எங்கீங்க தங்கச்சி?" என்று ரெஜினாவைக் கேட்டார். கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அடியில் ஓட்டைகள் போட்டார்.

அடுத்தது செக்கிங். ரெஜினாவின் பழக்கம் என்னவென்றால், வாசலைத் தாண்டும்போதெல்லாம் கையில் இருப்பதை ஊற்றுவாள். குடித்து மிச்சம் வைத்த டம்ளர் தண்ணீர், அரிசி களைந்தது, கை கழுவினது. மண் எப்போது பார்த்தாலும் கறுப்பாக ஈரமாக இருக்கும். அவளுக்கு அதில் ஒரு பெருமை. கம்பியை உருவிப் பார்த்தால் ஒரு விரற்கடைதான் ஈரம். அதுக்குக் கீழே புழுதி.

"எல்லாம் புட்போர்டுல தொங்குதுங்க" என்றார்.

ரெஜினாவுக்குக் கோபம். ஒரு குடம் கொண்டுவந்து ஒரே மூச்சாகச் சாய்த்தாள். உடனே கீழே ஓட்டை வழியாகத் தண்ணீர் கொட்டியது. "பாத்தீங்களாண்ணா, அடி வரைக்கும் போயிடுச்சு" என்றாள். அவர் சிரித்தார். காய்ந்த மண் சுருங்கி பக்கெட்டின் ஓரத்தை விட்டு விலகியிருந்தது. தண்ணீர் அந்தச் சந்தில் விழுந்து நேராக வெளியே வந்திருக்கிறது. மண்ணைத் தொடவே இல்லை. "இது முன்படியில ஏறிப் பின்படியில எறங்கி ஓடற கேசுங்க. டிக்கெட்டே எடுக்கல" என்றார். ஓரத்து மண்ணைக் கிளறிச் சந்தை மூடினார். ஒரு சொம்பு, சுற்றிலும் மெதுவாக. நிறுத்தி, அது உள்ளே போகிறவரைக்கும் காத்திருந்து, மறுபடி ஒரு சொம்பு. அப்புறம் இன்னொன்று. அரைமணி நேரத்துக்குப் பிறகுதான் கீழே சொட்டு விழுந்தது. விசில். மேலே கடலைத் தோலைப் பரப்பி மூடிவிட்டு, இனிமேல் கம்பி காய்ந்து வருகிறவரைக்கும் ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊற்றச் சொன்னால் ரெஜினா கடலையே ஊற்றுவாள். ஊற்றாமல் இரு என்றால் எப்படி இருப்பாள்? வீட்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தாள். செடிக்குத் தாகமாக இருக்குமே, பாவமில்லையா என்பாள். நான் என் நெஞ்சைத் தடவிக்கொள்வேன். அவள் டம்ளரோடு வாசலில் கால் வைத்தால் எதிர் மாடியிலிருந்து ஒற்றை விசில் வரும். ஸ்டாப். முந்தானைக்குள் டம்ளரை மறைத்துக்கொண்டு போனாலும் விசில் வரும். "அந்தாளு தூங்கறதே இல்லியா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வருவாள்.

ஆனால் செடி தெளிந்தது. தளதளவென்று துளிர்த்தது. ஈஸ்டருக்குள் அங்கங்கே மொக்குக்கூட எட்டிப் பார்த்தது. எனக்கு நெஞ்சு லேசாயிற்று. இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

ஈஸ்டர் முடிந்த கொஞ்ச நாளில் இலையின் ஓரமெல்லாம் கருகத் தொடங்கியது. தீயில் காட்டின மாதிரி. வந்த மொக்கெல்லாம் உதிர்ந்து கடலைத் தோல்மேல் கிடந்தது. வெயில் என்றார்கள், எறும்பு என்றார்கள், சரோஜாக்கா கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார். உள்ளபோ அண்ணன் தெருவைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். கம்பியைச் செருகினால் ஈரம் சரியாகவே இருக்கிறது. அவருடைய சர்வீஸில் இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை. வேதனை தாங்காமல் ஒருநாள் காலையில் கம்பியை உருவியவர், அதில் ஒட்டியிருந்த மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

முகம் மாறியது. "உப்பு கரிக்குதுங்க தம்பி."

போர்வெல் தண்ணீர் எதுவும் ஊற்றவில்லையே என்றேன் நான். போர்த் தண்ணீர் இப்படிக் கரிக்காது, இது கருவாட்டுக் கரிப்பு என்றார் அவர். ரெஜினா வாசற்படியில் நின்றுகொண்டு புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது விஷயம்.

ஈஸ்டர் திருவிழிப்பு ராத்திரியில் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தத்தை ஒரு கேனில் வீட்டில் வைத்திருந்தோம். அதிலிருந்து தினமும் விடியற்காலையில், எதிர் மாடி விசில் எழுந்திருப்பதற்கு முன்னால், ஒவ்வொரு பக்கெட்டுக்கும் ஒரு டம்ளர் ஊற்றியிருக்கிறாள். இத்தனை நாளில் கேன் தீர்ந்திருக்க வேண்டும். தீரக்கூடாதென்று வீட்டுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி நிரப்பியிருக்கிறாள். அப்படி நிரப்பும்போது அதன் புனிதம் குறைந்துபோகுமே என்ற பயத்தில், ஜெபக்கூட்டத்தில் மந்திரித்து வாங்கி வைத்திருந்த கல்லுப்பை ஒவ்வொரு தரமும் ஒரு கைப்பிடி போட்டிருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சுவலிதான் வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரெஜினா அழுதாள். "மாதாவுக்குன்னு வளக்கறேன், மாதா தண்ணிய ஊத்தாம எப்படிண்ணா இருப்பேன்?"

அவர் அவளைப் பார்த்தார், பக்கெட்டைப் பார்த்தார். நான் ஒரு கிண்டலுக்குக் காத்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"நீங்க ஊத்தினது தப்பில்லீங்க தங்கச்சி. உப்பு உள்ள போயி எறங்க மாட்டேங்குது, அவ்ளோதான். நல்ல தண்ணி நெறைய விட்டா அதுங்கூடவே எறங்கிடும். ஆனா கீழ வர்றத சாக்கடையில விடக்கூடாதுங்களே. மாதா தண்ணியாச்சே."

எங்கள் யாருக்கும் தோன்றாதது அது.

அடுத்த சிக்கல் நல்ல தண்ணீர். மே மாதம். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. வருகிறதும் குடிக்கத்தான் காணும். மூன்று பக்கெட் மண்ணைக் கழுவி எடுக்கக் குடம் குடமாக வேண்டும். உள்ளபோ அண்ணன் அன்றைக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். காரிமங்கலம் பக்கத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு தோட்டத்துக் கிணறு, கோடையிலும் வற்றாத இனிப்புத் தண்ணீர். அங்கிருந்து கேன்களில் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வண்டி ஓட்டுகிறவர்கள், விசில் ஊதுகிறவர்கள் எல்லாம் அவரோடு வேலை செய்தவர்கள், இல்லையென்றால் அவரிடம் திட்டு வாங்கி வேலை கற்றவர்கள். யாரும் மறுக்கவில்லை.

ஒரு தரம் நானும் கூடப் போனேன். பஸ்ஸில் பாதிக்கு மேல் காலி சீட்டு. நான் உட்கார்ந்துகொண்டேன். அவர் நடுவில் கேன்களுக்குக் காவலாக, மேல்கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார். பக்கத்து சீட்டுக்கார அம்மா இதெல்லாம் என்ன என்று கேட்டதற்கு, "மாதா கோயில் பார்ட்டிங்க. பாலக்கோட்டுல எறங்கும்" என்றார். அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் எங்கள் வாசலில் நடந்தது சாதாரண தண்ணீர் ஊற்றுதல் இல்லை. ஒவ்வொரு பக்கெட்டையும் இரண்டு செங்கல்மேல் ஏற்றி, அடியில் வாயகன்ற அன்னக்கூடைப் பாத்திரம் வைத்து, சொம்பு சொம்பாக ஊற்றினார். அவசரப்படாத மனுஷனே இல்லை அந்த வாசலில். ரெஜினா ஜெபமாலையை வேகவேகமாக உருட்டினாள், நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன், சரோஜாக்கா கேட்டுக்கு வெளியே நின்று யோசனை சொன்னார். அவர் மட்டும், ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காத அந்த ஆள், ஊற்றுகிறபோது மட்டும் அசையவே இல்லை. "உள்ள போ... உள்ள போ... கூட இருக்கறவனையும் கூட்டிக்கிட்டு எறங்கு..." கீழே வந்த தண்ணீரை அவ்வப்போது நாக்கில் வைத்துப் பார்த்தார். கரிப்பு. மறுபடி ஊற்றினார். கரிப்பு குறைந்தது. மறுபடி. வடிந்ததையெல்லாம் சிந்தாமல் சுமந்துகொண்டு போய்க் கோயில் வளாகத்துத் தென்னைமரத்துக்கு ஊற்றினார். தென்னைக்கு உப்பு ஆகும். தென்னை அந்த வருஷம் காய்த்த காய்ப்பை சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார். காரணம் மட்டும் வேறு சொன்னார்.

பழைய இலை உதிர்ந்தது. புது இலை வந்தது. மே பாதிக்கு மேல் அரிசி அரிசியாக மொக்கு. தினமும் மண்டியிலிருந்து ஓடிவந்து எண்ணுவேன், எண்ண எண்ண நெஞ்சு அடித்துக்கொள்ளும், விட்டுவிடுவேன். கடைசி நாள் மத்தியானம் ரெஜினா முழுகிவிட்டு வந்து, ஒரு மொக்கு விடாமல் பறித்து, வாழைநாரில் கட்டினாள்.

ஒரு சாண் வந்தது.

மாதா சுரூபம் ஆள் உயரம். தேரில் பூ ஜோடித்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துவிட்டு, கடையில் இரண்டு முழம் வாங்கிச் சேர்த்துக்கொள், மாதா கோவித்துக்கொள்ள மாட்டாள் என்றார்கள்.

"மாதா கோவிச்சுக்க மாட்டாங்க. நான் சொன்ன சொல்லு கோவிச்சுக்கும்" என்றாள் ரெஜினா. வாழையிலையில் வைத்த அந்த ஒரு சாண் பூவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தேருக்கு முன்னால் நின்றாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்பாததுதான் என்னைக் கொன்றது. நெஞ்சைப் பழையபடி கவ்விப் பிடித்தது. வாயுவா வேறே ஏதாவதா என்று கேட்க டாக்டரும் பக்கத்தில் இல்லை. மனசுக்குள் கடைசி ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

உள்ளபோ அண்ணன் கூட்டத்தில் வழி விடச் சொல்லிக்கொண்டு வந்தார். பையைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு சுரூபத்தை அண்ணாந்து பார்த்தார். நாங்கள் எல்லோரும் பிறந்ததிலிருந்து பார்க்கிற சுரூபம். அவர் புதிதாகப் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி, கையில கொழந்த இருக்குதுங்களே" என்றார். "கொழந்தைக்குப் போட்டா தாயி வேணாம்னா சொல்லும்?"

கோயில்பிள்ளை தேர்மேல் ஏறி, அந்தச் சாண் மாலையை மாதா கையில் இருந்த குழந்தை சேசுவின் கழுத்தில் போட்டார். அளவெடுத்துக் கட்டின மாதிரி இருந்தது. தாயின் தோளுக்கும் குழந்தையின் தலைக்கும் நடுவில் மல்லி வெள்ளையாகச் சிரித்தது. ரெஜினா முழங்காலில் விழுந்தாள். எனக்கு ஒரு பெரிய ஏப்பம் வந்தது. தேருக்கு முன்னால் அப்படி ஏப்பம் விடக்கூடாதுதான். ஆனால் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. மாதாவே ஸ்தோத்திரம் என்று சத்தமாகச் சொல்லி ஏப்பத்தை மூடினேன்.

தேர் எங்கள் தெருமுனை திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை, காற்றோடு. தேருக்கு மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். ஜனமெல்லாம் கடை வாசல்களில் ஒதுங்கியது. ரெஜினா என்னை உலுக்கி, அங்கே பாருங்க என்றாள்.

எங்கள் வீட்டுக்கு எதிரே, மாடிப்படியின் கடைசிப் படியில், மழையில் நனைந்துகொண்டு உள்ளபோ அண்ணன் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார். தோல்பை மடியில் இருந்தது. காலை நீட்டியிருந்தார். தெருவில் அத்தனை தொட்டியும் பக்கெட்டும் ஒரே நேரத்தில் குடித்துக்கொண்டிருந்தன. சரோஜாக்காவின் ரோஜா, எங்கள் மல்லி, வங்கி மேனேஜர் வீட்டுச் செம்பருத்தி. நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

"என்னாண்ணா, ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க தம்பி. ட்யூட்டி மாத்தி விட்டுட்டாரு" என்று மேலே கையைக் காட்டினார். "இவருக்கு மட்டும் நாம ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. எல்லாம் தானா உள்ள போயிடும்."

மழை விடுகிறவரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்புறம் ஓசூரில் இருக்கிற அவர் மகள் வந்து, தனியாக இருக்க வேண்டாமென்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது போக்ஸ் கம்பியை எங்கள் மல்லிப் பக்கெட்டில் செருகிவிட்டுப் போனார். மகள் வீடு எங்கேயோ உயரத்தில் இருக்கிற பிளாட்டாம். அங்கேயும் உட்காருகிறாரா இல்லையா தெரியவில்லை. வாரத்துக்கொரு தரம் போன் வரும். எடுத்ததும் ஒரே கேள்விதான்.

"மல்லி எப்படி இருக்குதுங்க தம்பி?"

என் நெஞ்சைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நான் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்குதுங்கண்ணா என்பேன். "அப்பச் சரிங்க" என்று வைத்துவிடுவார். அவர் விசாரித்தது என்னைத்தான் என்று எனக்குத் தெரியும்.